லாண்டரி அக்காவுக்கு எத்தனை லிங்க்

மீட்டர்காரர் ஓய்வு பெற்று வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் கண் முதலில் போவது மின்சார மீட்டர் எந்தச் சுவரில் இருக்கிறது என்றுதான். வீட்டுக்காரர் முகமெல்லாம் அப்புறம். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூடத் தலையைத் தூக்கி அந்தப் பெட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் "எப்படி ஆச்சு?" என்று கேட்பார். ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர், ஒரு மீட்டருக்கு ஒரு ரீடிங். சரிபார்க்க இன்னொரு மீட்டர் வைத்து, இரண்டும் இரண்டு விதமாகச் சொன்னால் ஒன்று மீட்டர் கெட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எவனோ லைனில் கொக்கி போட்டிருக்க வேண்டும். மூன்றாவது காரணம் ஒன்று உலகத்தில் இருக்க முடியும் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. ஜெயித்தவர்கள் இல்லை.

அவர் மனைவியைத் தெருவே லாண்டரி அக்கா என்றுதான் கூப்பிட்டது. வீட்டின் கீழ்த்தளத்தில் அவள் கடை. துணி வாங்கும்போதே கறையைப் பார்த்து வீட்டுக் கதையைச் சொல்லிவிடுவாள் என்று பெயர். யார் வீட்டில் யார் தட்டை வீசினார்கள், யார் குடித்துவிட்டு வந்தார்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒன்றும் வெளியே வராது. இந்த ஒரு குணத்துக்காக அவளைத் தெருவில் பாதிப் பேர் மதித்தார்கள், மீதிப் பேர் சபித்தார்கள்.

மகள் கல்யாணமாகி வேறு ஊர் போவதற்கு முன் அம்மாவுக்கு ஓர் இணையதளம் போட்டுக் கொடுத்தாள். கறைகளைப் பற்றியது. பேனா மை, துரு, மெழுகு, லிப்ஸ்டிக், குழந்தை கக்கியது, நாய் செய்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். எல்லாப் பக்கமும் ஒரே வரியில்தான் ஆரம்பிக்கும்: "முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள்." கீழே ஒரு பெட்டி, சந்தேகம் இருந்தால் எழுதலாம். எழுதினார்கள். எங்கெங்கிருந்தோ எழுதினார்கள். கடையில் இஸ்திரிப் பெட்டி சூடாகும் நேரத்தில் அவள் ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பதில் போடுவாள்.

போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கடை ஷட்டர் இறங்கியது. கேள்விகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. அவள் இல்லை என்று கேள்வி கேட்பவர்களுக்கு யார் சொன்னார்கள்?

மீட்டர்காரர் சொல்லவில்லை. காலையில் டீயைப் போட்டுக்கொண்டு மனைவியின் கணினி முன்னால் உட்கார்வார். அவள் எழுதிய பக்கங்களிலேயே தேடி எடுத்து, அவள் பெயரிலேயே பதில் போடுவார். இது தெருவுக்குத் தெரிய எத்தனை நாள் ஆகும்? மனுஷனுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றார் ஒருவர். பொம்பளைகளோடு கடிதப் போக்குவரத்து வைத்திருக்கிறார் என்றார் இன்னொருவர். இரண்டாவது கட்சியிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. ஒரு பெண், கணவன் சட்டைக் காலரில் லிப்ஸ்டிக் கறை, அந்த நிறம் தன்னிடம் இல்லை, கறையை எப்படி எடுப்பது என்று கேட்டிருந்தாள். மீட்டர்காரர் அன்று முழுக்கச் சாப்பிடாமல் யோசித்துவிட்டு, கறைக்கு மட்டும் பதில் எழுதினார். லாண்டரி அக்காவும் அதைத்தான் செய்திருப்பாள்.

இதெல்லாம் ஒரு ஒழுங்கில் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது மாப்பிள்ளை. நல்ல பிள்ளைதான், மாமனாரைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்துக் கெடுத்தார். அவருக்கு வேலையே பிறருடைய இணையதளங்களைத் தேடுபொறியில் மேலே தூக்கி நிறுத்துவது. லீவுக்கு வந்தவர் மாமனார் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பெரிய தேடுபொறி ஒன்றில் எதையோ திறந்து காட்டினார்.

"பாருங்க மாமா. மத்த தளங்கள்ல எத்தனை இடத்துல அத்தை பக்கத்துக்கு லிங்க் குடுத்திருக்காங்கன்னு இதுல வரும். அதாவது, இந்த அம்மாகிட்ட போய்க் கேளுங்கன்னு கைகாட்டியிருக்காங்க."

நாலாயிரத்துச் சொச்சம்.

மீட்டர்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு படித்தார். மனைவி இறந்தபோது வீட்டுக்கு வந்தவர்கள் ஒரு பஸ்ஸுக்குக் காணமாட்டார்கள். இங்கே நாலாயிரம் பேர் அவளைக் கைகாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மாப்பிள்ளை ஊருக்குப் போன மறுநாளே செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்.

எதிர்வீடு அவர் கொழுந்தியா வீடு. லாண்டரி அக்காவின் கூடப்பிறந்த தங்கை. தையல்கடை வைத்திருக்கிறாள். ஊசி நுழையாத இடத்திலும் அவள் நாக்கு நுழையும். அத்தானை மதிப்பாள், ஆனால் அதை அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வாள்.

"நாலாயிரமா?" என்றாள், வாயில் கடித்திருந்த நூலைத் துப்பிவிட்டு. "எங்கக்கா சொந்தக்காரங்களே நாலு பேர். இருங்க அத்தான், நானும் பார்க்கறேன். என் கடைக்கும் ஒரு பக்கம் இருக்குல்ல, நான் பார்க்கறது வேற."

அவள் போனில் பார்த்தது இன்னொரு தேடுபொறி. அதில் வந்தது முந்நூற்றுப் பத்து.

"முந்நூத்தி பத்து," என்று இரண்டு தரம் படித்தாள். "மாப்பிள்ளை உங்களுக்குச் சக்கரை கொஞ்சம் தூக்கலாப் போட்டிருக்காரு."

"உன் போன் பழசு."

"போன் பழசுன்னா எண்ணத் தெரியாதா? எனக்கு நூத்துச் சொச்சம் காட்டுது. அது சரியாத்தானே இருக்கு."

"உனக்கு நூறே ஜாஸ்தி," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஆனால் தெருவைக் கடப்பதற்குள் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து மூன்றாவதாக ஒரு தேடுபொறியைக் கண்டுபிடித்துப் பார்த்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்றது. ஒரே மனுஷி. மூன்று மீட்டர். மூன்று ரீடிங்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். மாப்பிள்ளை பாவம், அலுவலக மாடிப்படியில் நின்றுகொண்டு பொறுமையாகத்தான் விளக்கினார்.

"மாமா, ஒவ்வொரு தேடுபொறியும் தனக்குன்னு ஒரு ஆளை அனுப்புது. ஆளுன்னா புரோகிராம்தான். அது சுத்திச் சுத்தி, யாரு யாரைக் கைகாட்டுறாங்கன்னு எழுதிட்டு வரும். ஒண்ணு போன தெருவுக்கு இன்னொண்ணு போயிருக்காது."

"அப்ப போகாதவன் வேலை செய்யல."

"எல்லாத் தெருவுக்கும் யாராலயும் போக முடியாது மாமா, அவ்வளவு இருக்கு. அப்புறம், எண்ணுற விதமும் வேற. ஒரே தளத்துல நூறு பக்கத்துல அத்தைக்கு லிங்க் இருந்தா, ஒண்ணு அதை நூறுன்னு எண்ணும். இன்னொண்ணு, எல்லாம் ஒரே வீட்டு ஆளுங்கதானேன்னு ஒண்ணா எண்ணும். சிலது குப்பைத் தளங்களைக் கழிச்சுடும். சிலது எல்லாத்தையும் வெளிய காட்டாது, மாதிரிக்குக் கொஞ்சம் காட்டும். இன்னும் சிலது, என்னைக்கோ எடுத்துட்ட லிங்கைக்கூடக் கணக்குல வச்சிருக்கும். திரும்பப் போய்ப் பார்க்கற வரைக்கும் அதுக்கு எப்படித் தெரியும்?"

"வீடு பூட்டியிருந்தா போன தடவை ரீடிங்கையே போட்டுட்டு வர்றது எங்ககிட்டயும் உண்டு," என்றார் மீட்டர்காரர். "அதுக்குப் பேரு கணக்கு இல்ல மாப்பிள்ளை. சோம்பேறித்தனம்."

"சரி மாமா."

"இப்ப இதுல எது சரி?"

"எல்லாமே ஒரு விதத்துல சரிதான். எதுவுமே முழுசு இல்ல."

லஞ்சம் வாங்கியவன் பேசுகிற பேச்சு இது என்று மீட்டர்காரருக்குப் பட்டது. மாப்பிள்ளை என்பதால் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து காலை டீ கசந்தது. கேள்விகளுக்குப் பதில் போடும் முன் மூன்று தேடுபொறியையும் பார்ப்பார். நாலாயிரம் என்றால் அவள் பெரிய மனுஷி. முந்நூறு என்றால் ஒரு லாண்டரிக்காரி. யாரோ ஒருவன் அவள் கணக்கில் கை வைக்கிறான். அவளுக்கு உண்மையில் எத்தனை என்று தெரிந்தாக வேண்டும். இறந்தவளுக்கு இதனால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பது சுலபம். கேட்கிறவர்கள் யாரும் அந்த வீட்டில் தனியாகக் குடியிருக்கவில்லை.

வழி அவருக்குத் தெரிந்ததுதான். சர்வீஸில் எத்தனை தடவை செய்திருப்பார். இரண்டு மீட்டர் ஒத்துப்போகவில்லை என்றால், பெரிய லோடு எடுக்கும் லைனின் ஃபியூஸைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிவிட்டு மீட்டரைப் பார்க்க வேண்டும். எது மெதுவாகிறதோ அது யோக்கியன். எது பாட்டுக்குச் சுற்றுகிறதோ அது திருடன். பிறகு ஃபியூஸைத் திரும்பச் சொருகிவிட்டால் வீட்டுக்காரர் காபி கொடுப்பார். அவ்வளவுதான் விஷயம்.

யோசனையைக் கொழுந்தியாவிடம் மட்டும் சொன்னார். அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"ஒழுங்கா எரியற வீட்டுல எதுக்கு அத்தான் ஃபியூஸைப் பிடுங்கறீங்க? முந்நூறுன்னு சொன்னது என் வாய்க்கொழுப்பு. நாலாயிரம்னே வச்சுக்குங்களேன்."

"வச்சுக்கறதுக்கு அது என்ன மாத்திரையா? இருக்கறது எவ்வளவோ அதுதான் வேணும்."

"சொன்னா கேக்கற ஆளா இருந்தா எங்கக்காவுக்கு இவ்வளவு சீக்கிரம் தலை நரைச்சிருக்காது," என்று அவள் மிஷினை ஓட்ட ஆரம்பித்தாள்.

மீட்டர்காரர் பெரிய லோடுகளாகத் தேர்ந்தெடுத்தார். ஒரு வீட்டுக் குறிப்புப் பத்திரிகையின் இணையதளம். கேள்வி கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் "அந்தப் பத்திரிகையில் பார்த்து வந்தோம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஓட்டல் வேலை கற்றுக்கொடுக்கும் ஒரு பள்ளி. நாடக உடைகள் வாடகைக்கு விடும் ஒரு கம்பெனி. மூன்று பேருக்கும் மின்தடை அறிவிப்பு எழுதுகிற மொழியில் எழுதினார்: பரிசோதனையை முன்னிட்டு எமது தளத்துக்கான லிங்க்கைத் தற்காலிகமாக நீக்கி வைக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது. பரிசோதனை முடிந்தவுடன் தகவல் தெரிவிக்கப்படும். ஒத்துழைப்புக்கு நன்றி.

போனது லாண்டரி அக்காவின் முகவரியிலிருந்து. கீழே லாண்டரி அக்காவின் பெயர். அவருக்கு வேறு முகவரி ஏது? தளத்துக்குச் சொந்தக்காரியே எழுதிக் கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? மூன்று இடத்திலிருந்தும் மளமளவென்று பதில் வந்தது. தாங்கள் விரும்பியபடியே நீக்கிவிட்டோம்.

மீட்டர்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார்.

நாலாயிரம் சொன்ன பெரிய தேடுபொறி அசையவே இல்லை. திருடன் அகப்பட்டான் என்று நினைத்தார். முந்நூறு சொன்னது மூன்றோ நாலோ குறைந்தது. சரி, இவன் யோக்கியன். ஆனால் மூன்றாவது இருக்கிறதே, அது ஏறியது. பிடுங்கிய பிறகு ஏறியது. அது எந்தக் காலத்திலோ போயிருக்க வேண்டிய ஒரு பழைய சந்துக்கு அப்போதுதான் போய்ச் சேர்ந்து, அங்கே கைகாட்டிக்கொண்டிருந்தவர்களை எல்லாம் புதிதாக எழுதிக்கொண்டு வந்திருந்தது. ஃபியூஸைப் பிடுங்கினால் வேகமாகச் சுற்றும் மீட்டரை அவர் சர்வீஸில் பார்த்ததில்லை. கண்ணாடியை மறுபடி துடைத்தார். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று வைத்தார். பெரியது அசையட்டும், அப்புறம் சொருகலாம்.

இந்தக் கவனத்தில் அவர் இன்னொன்றைப் பார்க்கத் தவறினார். கேள்விகள் குறைந்துகொண்டிருந்தன. முதலில் ஜனங்கள் விடுமுறைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தார். விடுமுறையிலும் சாப்பிடத்தான் செய்வார்கள், சிந்தத்தான் செய்வார்கள் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஒரு நாள் காலை டீ ஆறிப் படலம் கட்டும் வரை உட்கார்ந்திருந்தார். ஒரு கேள்விகூட வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

பதறிப்போய் மூன்று பேருக்கும் எழுதினார்: பரிசோதனை முடிந்தது, லிங்க்கை மீண்டும் தரவும். ஓட்டல் பள்ளியிலிருந்து பதில் இல்லை. நாடகக் கம்பெனி கடையைக் கட்டிவிட்டிருந்தது. பத்திரிகையிலிருந்து மட்டும் மரியாதையாக ஒரு பதில் வந்தது. தாங்களே நீக்கச் சொன்னதால் அந்த இடத்தில் எங்கள் எழுத்தாளர் ஒருவரை வைத்துப் புதிதாக ஒரு பக்கம் எழுதிவிட்டோம், இனி மாற்றுவதற்கில்லை.

அந்தப் புதிய பக்கத்தை அவர் படித்தார். மைக்கறைக்கு, நன்றாக அழுத்தித் தேய்க்கவும் என்று போட்டிருந்தது.

மாப்பிள்ளைக்கு மறுபடி போன் போட்டுச் சொன்னார்.

"மாமா, அந்தப் பத்திரிகைதான் தூண் மாதிரி. அது கைகாட்டினதாலதான் தேடுபொறியும் அத்தையை முதல் பக்கத்துல நிறுத்திச்சு. எத்தனை லிங்க்குங்கறதைவிட யார் குடுத்ததுங்கறதுதான் முக்கியம். இப்ப அத்தை நாலாவது பக்கத்துல இருக்காங்க. அங்கெல்லாம் யாரும் வர மாட்டாங்க."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல மாப்பிள்ளை."

"நீங்க எத்தனைன்னுதான மாமா கேட்டீங்க."

போனை மகள் வாங்கினாள். "அப்பா, அந்தப் பத்திரிகைக்கு உண்மையை எழுதுங்க. எழுதினது நான்தான், அம்மா இல்லன்னு சொல்லுங்க. அவங்களும் மனுஷங்கதானே, புரிஞ்சுக்குவாங்க."

"அம்மா இல்லன்னு எழுதணுமா?"

"எழுதாம எப்படிப்பா?"

மீட்டர்காரர் போனை வைத்துவிட்டார். மகளுக்கு என்ன தெரியும்? வீட்டில் எல்லாக் காரியமும் முடிந்துவிட்டது. சான்றிதழ் வாங்கியாயிற்று, கடை போர்டைக் கழற்றியாயிற்று, துணிமணியைக் கொடுத்தாயிற்று. அவள் சாகாமல் மிச்சம் இருந்த ஒரே இடம் அந்தக் கேள்விப் பெட்டிதான். அங்கே அவளிடம் இன்னும் ஜனங்கள் சந்தேகம் கேட்டார்கள், நன்றி சொன்னார்கள், உங்கள் கை பொன்னாக இருக்கட்டும் என்றார்கள். எழுதாவிட்டால் லிங்க் வராது, கேள்வியும் வராது. எழுதினால் வரலாம். ஆனால் அங்கேயும் அவள் செத்துப்போவாள்.

அந்த வாரம் முழுக்க அவர் வீட்டு ஜன்னல் திறக்கவில்லை. பால்காரர் பையைக் கதவில் மாட்டிவிட்டுப் போவதும், அது வெகுநேரம் அப்படியே தொங்குவதும் தெருவில் பேச்சாயிற்று. சனிக்கிழமை கொழுந்தியா கதவைத் தட்டாமல் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மகள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவர் கணினி முன்னால், ஒன்றும் எழுதாத பக்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது.

"எங்கக்கா பேர்ல எழுதி எங்கக்காவையே வெட்டி விட்டுட்டீங்களே அத்தான்," என்றாள்.

அவர் தலையாட்டினார். சண்டைக்கு என்று வந்தவளுக்கு அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. ஆறிப்போன டீயை எடுத்துக் கொட்டிவிட்டு வேறு டீ போட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எழுதுங்க," என்றாள். "நான் சொல்லச் சொல்ல எழுதறீங்களா?"

"வேணாம். நானே எழுதறேன்."

நாலு வரிதான். இதை எழுதுவது நான், என் மனைவி அல்ல. அவர் இறந்துவிட்டார். நீக்கச் சொல்லி எழுதியது என் தவறு. அவருடைய பக்கங்களில் உள்ள குறிப்புகள் இன்றும் சரியானவை. கடைசி வரியை மட்டும் மூன்று தரம் படித்துவிட்டு அனுப்பினார். கொழுந்தியா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்; தூசு என்றாள்.

பத்திரிகையில் நல்லவர்கள்தான் இருந்தார்கள். செய்தி அறிந்து அலுவலகமே வருந்துவதாகவும், தங்கள் வாசகர்களில் எத்தனையோ பேர் அம்மையாரால் பயனடைந்ததாகவும், குடும்பத்தினருக்கு ஆழ்ந்த அனுதாபங்கள் என்றும் நீளமாக எழுதியிருந்தார்கள். கடைசிப் பத்தியில், பராமரிப்பவர் இல்லாத தளங்களுக்கு லிங்க் கொடுப்பதில்லை என்பது எங்கள் விதி, மன்னிக்கவும் என்றிருந்தது.

அதோடு முடிந்தது. பெரிய தேடுபொறி மட்டும் நாலாயிரத்துச் சொச்சத்திலேயே நின்றது. அவளை நாலாவது பக்கத்துக்கு இறக்கியும், வெளியே காட்டும் எண்ணை அது இன்னும் மாற்றவில்லை. கொழுந்தியா "இன்னைக்கு எத்தனை?" என்று கேட்பதை விட்டுவிட்டாள். அவரும் பார்ப்பதை விட்டுவிட்டார்.

லாண்டரி அக்காவுக்கு இப்போது ஒரே வகைக் கடிதம்தான் வருகிறது. உங்கள் தளத்துக்கு லிங்க்குகள் போதவில்லை, எங்களிடம் விட்டால் கூட்டித் தருகிறோம் என்று வியாபாரக் கம்பெனிகள் எழுதுவது. முன்பு அவற்றைப் படிக்காமல் அழிப்பார். இப்போது ஒவ்வொன்றுக்கும் பதில் போடுகிறார்: அவர் இறந்துவிட்டார். ஒரு தரம் எழுதிவிட்ட பிறகு மறுபடி எழுதுவது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அவர்கள் அதைப் படிப்பதில்லை. எங்கள் சேவையில் ஆர்வம் காட்டியமைக்கு நன்றி, தங்களோடு பேச வசதியான நேரம் எது என்று இயந்திரமே திரும்பக் கேட்கும். ஒன்றுக்கு மட்டும், ஏன் என்று அவருக்கே தெரியாது, மாலையில் கூப்பிடலாம் என்று எழுதி நம்பரையும் கொடுத்தார்.

கூப்பிட்டார்கள். சின்ன வயசுப் பெண் குரல். பின்னால் இன்னும் பல குரல்கள் வேறு யார் யாரிடமோ அதையே பேசிக்கொண்டிருந்தன.

"மேடம் இருக்காங்களா சார்?"

"இல்லம்மா. அவங்க போயிட்டாங்க. நான் வீட்டுக்காரர். நீங்க சொல்லுங்க."

அந்தப் பெண் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. எதிரே இருந்த காகிதத்தில் இதற்குப் பதில் இருந்திருக்காது. பிறகு விட்ட இடத்திலிருந்து படித்தாள். மேடத்தோட தளத்தை எங்க டீம் பார்த்தாங்க சார், ரொம்ப நல்லா இருக்கு, ஆனா இப்ப எழுநூத்தி நாப்பது லிங்க்தான் இருக்கு.

நாலாவது ரீடிங். பழைய மீட்டர்காரராக இருந்தால் எந்த மீட்டர், யார் எடுத்தது, எப்போது எடுத்தது என்று அவளைப் பிழிந்திருப்பார். இவர் எழுந்து போய் வெளிச் சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நல்லா இருக்குன்னு சொன்னீங்களே," என்றார். "எந்தப் பக்கம் பார்த்தாங்க?"